அயர்லாந்துக் கிராமம் ஒன்று எப்படி இருக்கும்? காங் என்ற ஊரை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "அயர்லாந்தில் சின்னக் கிராமம் ஒன்றின் வரலாறும் குணமும் எப்படி இருக்கும்? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?"

நான் கால்வே நகரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். பொதுவாக ஐரிஷ் கிராமம் என்றால் இப்படித்தான் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஒரே ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கால்வேயிலிருந்து காரில் ஒரு மணி நேரம். பெயர் காங். நம் செய்தித்தாள் வாசித்துப் பழகியவர்களுக்குக் கட்சிப் பெயரின் சுருக்கம்தான் ஞாபகம் வரும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. ஐரிஷ் மொழியில் குங்கா. குறுகலான இடம் என்று பொருள்.

குறுகல்தான். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி, இரண்டுக்கும் நடுவில் சில மைல் அகலத்துக்கு ஒரு தரைத் துண்டு. அதன் தெற்கு ஓரத்தில் ஊர். 200 பேர்கூடத் தேற மாட்டார்கள். மேயோ மாவட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கால்வே மாவட்டம் வந்துவிடும். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலம் வரும், கீழே ஓடை ஓடும். கிட்டத்தட்ட ஒரு தீவு.

அந்த ஓடைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால்தான் ஊரின் கதை தொடங்குகிறது. மாஸ்க் ஏரி, காரிப் ஏரியைவிட ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலேயிருந்து கீழே தண்ணீர் வர வேண்டும் அல்லவா? ஆனால் இரண்டையும் சேர்க்கும்படி ஆறு ஒன்று தரைக்கு மேல் ஓடிவரவில்லை. நடுவில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புக்கல், பல்லாயிரம் வருடம் மழை அரித்து உள்ளே ஓட்டையும் குகையுமாக ஆன கல். மாஸ்க் ஏரித் தண்ணீர் தரைக்குள் இறங்கி, இருட்டில் நடந்து, காங் ஊருக்குள் வந்து பூமியைப் பிளந்துகொண்டு மேலே எழுகிறது. 'நீர் எழும் இடம்' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்ப்பாட்டமான ஊற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு குட்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் அதன் மேற்பரப்பு சும்மா இருக்காது. அடியிலிருந்து யாரோ தள்ளுவது போல வட்டம் வட்டமாகப் புரண்டுகொண்டே இருக்கும்.

தரைக்குள் போகும் அந்த ஆற்றைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஊருக்கு வெளியே காட்டுக்குள் 'புறாப் பொந்து' என்று ஒரு குகை. அறுபது சொச்சம் கற்படிகள், செங்குத்தாக இறங்கும். நான் முதல் முறை போனது ஒரு நவம்பரில், அலுவலகத்துக்குப் போடும் ஷூவோடு. பாதியிலேயே வழுக்கி மூன்று படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். சுவர் முழுக்கப் பாசியும் பெரணியும். தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். கைபேசி விளக்கை அடித்தால், கறுப்பாக, அவசரமே இல்லாமல் இடது கைப்பக்கம் இருட்டிலிருந்து வந்து வலது கைப்பக்கம் இருட்டுக்குள் போகிறது. அவ்வளவுதான். பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு வெள்ளை மீன் இருப்பதாகக் கதை. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். மாப்பிள்ளையைக் கொன்று ஏரியில் போட்டுவிடுகிறார்கள். அவள் பித்துப்பிடித்து ஒருநாள் காணாமல் போகிறாள். அப்புறம் இந்த ஓடையில் யாரும் கண்டிராத ஒரு வெள்ளை மீன் தென்படுகிறது. ஊரே அதைத் தொடாமல் விட்டுவைத்திருக்க, வெளியூர்ச் சிப்பாய் ஒருவன் பந்தயம் கட்டிப் பிடித்துப் போய் வறுக்கிறான். எவ்வளவு நேரம் ஆனாலும் மீன் சிவக்கவில்லை. கத்தியை வைத்ததும் ஒரு அலறல். எதிரே கையில் ரத்தத்தோடு ஒரு பெண். "என் ஆள் வருகிற நேரம், என்னைத் தண்ணீரில் விடு" என்கிறாள். விட்டுவிட்டான். அன்றிலிருந்து மீனின் விலாவில் ஒரு சிவப்புத் தழும்பு. கதை சொல்கிறவர்கள் கடைசியில் சிப்பாய் திருந்திச் சாமியாராகப் போனான் என்று சேர்ப்பார்கள். எனக்கு அந்தச் சிவக்காத மீன் போதும்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். 7ஆம் நூற்றாண்டில் ஃபேகீன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். 12ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் அகஸ்டீனிய மடம் ஒன்றை எழுப்பியவர் கானாட் பகுதியை ஆண்ட டர்லோ ஓ'கானர். அவர் மகன் ரோரிதான் அயர்லாந்தின் கடைசிப் பேரரசர். நார்மன்கள் வந்தார்கள், சொந்தப் பிள்ளைகளே எதிர்த்தார்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மடத்தில் வந்து ஒதுங்கினார், 1198இல் இறந்தார். உடலைக் கிழக்கே க்ளான்மக்னாய்ஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மடம் இன்று கூரையில்லாத இடிபாடு. ஆனால் கல்லில் செதுக்கிய வாசல் வளைவுகளைப் பார்க்கும்போது ஒரு காலத்தில் இங்கே எத்தனை பணமும் கைத்திறனும் இருந்தன என்று தெரியும்.

மடத்துக்குப் பின்னால் ஆற்றின் மேலேயே ஒரு சின்னக் கல்வீடு நிற்கிறது. ஒற்றை அறை. தரையில் சதுரமாக ஒரு ஓட்டை; அது வழியே வலையை ஆற்றில் இறக்குவார்கள். சுவரோரம் கணப்படுப்பும் உண்டு, குளிர்காய. மீன் விழுந்ததும் கயிற்றை இழுத்தால் மடத்துச் சமையலறையில் மணி அடிக்கும், அடுப்பை மூட்டிவிடுவார்கள் என்று சொல்வார்கள். கயிற்றுக்குச் சாட்சி இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் மீன் பிடிக்க வீடு கட்டியவர்கள் கயிறும் கட்டியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

காங் சிலுவை என்று ஒன்று. இயேசு அறையப்பட்ட சிலுவையின் துணுக்கு என்று நம்பப்பட்ட ஒன்றை வைப்பதற்காக 1123 வாக்கில் டர்லோ செய்யச் சொன்னது. உள்ளே ஓக் மரம், மேலே வெண்கலமும் பொன் வேலைப்பாடும், நடுவில் ஒரு பளிங்கு. நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஊர் பத்திரமாக வைத்திருந்தது. 1839இல் ஜேம்ஸ் மக்கல்லா என்ற கணிதப் பேராசிரியர் விலைக்கு வாங்கி, டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமிக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஊர்ப் பாதிரியார் ஒருவர் பிற்பாடு டப்ளினுக்கே போய் அதைக் கோட்டுக்குள் மறைத்துத் தூக்கிவரப் பார்த்து மாட்டிக்கொண்டார் என்று ஒரு கதை இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த கால்வாய். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. மேயோ மாவட்டத்தில் 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3,89,000 பேர், 1851இல் 2,74,000. பத்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு காணோம்; செத்தவர்களும் கப்பலேறியவர்களும். அரசாங்கம் சும்மா சோறு போடாது, வேலை செய்தால் கூலி. அப்படி 1848இல் எடுத்த வேலைதான் இரண்டு ஏரிகளையும் இணைக்கும் கால்வாய். வெள்ள வடிகாலுக்கு வடிகால். படகு விட்டால் கால்வே கடலிலிருந்து மேயோவின் உள்நாடு வரை சரக்கு போகும். பட்டினி ஆட்களுக்கு வேலை. காகிதத்தில் நல்ல திட்டம்.

நாலு மைல் தூரத்துக்கு மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சுண்ணாம்புப் பாறையை வெட்டினார்கள். படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளைக் கல்லால் கட்டினார்கள். 1854இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதில் ஒரு படகும் ஓடவில்லை. ஓட்டைக் குடம்தானே, பாறை தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை.

மதகைத் திறந்துவிட, பெரிய மனிதர்கள் கரையில் நின்று பார்க்க, வந்த தண்ணீர் எல்லாம் தரைக்குள் உறிஞ்சப்பட்டுப் போனது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. கால்வாய் முடிக்கப்படவே இல்லை. முடியும் முன்னே கைவிட்டார்கள். பாறை ஒழுகுவது ஒரு காரணம், செலவு ஒரு காரணம். டப்ளினிலிருந்து கால்வேக்கு 1851இல் ரயில் வந்துவிட்டது, இனிப் படகு எதற்கு என்பது இன்னொன்று. பொறியாளர்களை முட்டாளாக்கும் கதை சொல்ல வசதியாக இருக்கிறது. அதில் கூலிக்குப் பாறை உடைத்தவன் காணாமல் போய்விடுகிறான்.

நீங்கள் போனால் தயவுசெய்து அந்தத் தொட்டிச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே, சீராகச் செதுக்கிய சாம்பல் நிறக் கற்கள், ஒன்றுக்கொன்று கத்தி நுழையாத பொருத்தம். மரக்கதவு வந்து உட்கார வேண்டிய இடத்தில் வளைவாகக் குடைந்த பள்ளம், உள்ளங்கையை வைத்துத் தடவினால் இன்றும் வழவழவென்று இருக்கிறது. எந்தக் கதவும் அதில் உரசித் தேய்ந்ததில்லை. அடியில் செந்தட்டிச் செடி, முள்மரம், இரண்டு ஆடு.

ஒரு இடைச்செருகல். அந்தப் பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணச் செலவைக் கையை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அயர்லாந்தில் இன்றும் அந்தப் பெயருக்கு மதிப்புக் கிடையாது. அவர்தான் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார். சென்ட்ரல் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்ட திட்டம். அவர் போன பிறகு, 1877-78 பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்து நம் பஞ்சக் கூலிகள் வெட்டியது பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு. அதே கணக்கு, அதே மண்வெட்டி. இதைப் படித்த பிறகு வறண்ட கால்வாய்க்குள் நடப்பது எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

காங்குக்கு வடக்கே சில மைல் தூரத்தில் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு வீடு. எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக அதில் இருந்தவர் கேப்டன் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். ஆமாம், நாம் தினமும் சொல்லும் அதே 'பாய்காட்'. 1880இல் விளைச்சல் சரியில்லை, குத்தகையில் கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள் விவசாயிகள். பிரபு பத்து சதவீதத்துக்கு மேல் மசியவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தபோது பெண்கள் சேற்றையும் சாணத்தையும் அள்ளி வீசி விரட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் என்னிஸ் என்ற ஊரில் ஐரிஷ் அரசியல் தலைவர் பார்னெல் பேசியிருந்தார்: பிடுங்கிய நிலத்தை எடுத்தவனை அடிக்க வேண்டாம், தெருவிலும் கடையிலும் கோயிலிலும் ஒதுக்கிவையுங்கள் என்று.

அதை அப்படியே செய்தார்கள். வேலைக்காரர்கள் வெளியேறினார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் இல்லை. தண்ணீர் நெருப்பு கொடுக்காமல் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது நமக்குப் புதிதா என்ன? வித்தியாசம், நம் பக்கம் அது பெரும்பாலும் மேலே இருந்தவன் கீழே இருந்தவனுக்குச் செய்தது. இங்கே தலைகீழ்.

பயிர் வயலில் அழுகுகிறது என்று பாய்காட் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வடக்கே கேவன், மானகன் பகுதிகளிலிருந்து சுமார் 50 பிராட்டஸ்டண்ட் தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கினால் வண்டி வாடகைக்குக் கிடைக்கவில்லை. மழையில் பல மைல் நடந்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் படையும் போலீசுமாக ஆயிரம் பேர். தோண்டி எடுத்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும் 500 பவுண்டு பெறும். ஆன செலவு 10,000 பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. வேலை முடிந்ததும் பாய்காட் குடும்பத்தோடு கிளம்பினார். வண்டி ஓட்ட உள்ளூர் ஆள் ஒருவரும் வராததால் ராணுவ ஆம்புலன்ஸில் போனார். டிசம்பர் 1ஆம் தேதி கப்பலேறினார்.

அந்தச் சொல்லைப் பிறப்பித்தவர் நீல் என்ற பக்கத்துக் கிராமத்துப் பாதிரியார் ஜான் ஓ'மாலி என்பார்கள். ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சாப்பாட்டு மேஜையில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தவித்தபோது, படித்தவர்கள் சொல்லும் ஆங்கில வார்த்தை எங்கள் ஜனங்களுக்குப் புரியாது, ஆள் பெயரையே வைத்துவிடலாமே என்றாராம். சில வாரத்தில் சொல் உலகம் சுற்றிவிட்டது.

ஆனால் காங் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கெல்லாம் வருவதில்லை. ஒரு சினிமாவுக்காக வருகிறார்கள். 1951 கோடையில் ஜான் ஃபோர்டு இங்கே 'தி கொயட் மேன்' எடுத்தார். நடித்தவர்கள் ஜான் வெய்ன், மரீன் ஓ'ஹாரா. மறு வருடம் வெளியாகி ஃபோர்டுக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர். ஃபோர்டின் பெற்றோர் கால்வே பக்கத்துக்காரர்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளை ஊரை எப்படிக் கனவு காணுமோ அப்படியே எடுத்தார். படப்பிடிப்பு நடந்தபோதுதான் தங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது என்பார்கள். படத்தில் எல்லோரும் குடிக்கும் பப் உண்மையில் ஒரு மளிகைக் கடை. வாசலை மட்டும் மாற்றினார்கள், உள்ளே நடக்கும் காட்சிகள் ஹாலிவுட்டில் எடுத்தவை. அந்தக் கடை 2008இல் நிஜ பப் ஆகிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாக வருகிறவன் எல்லாம் "பப் எங்கே" என்று கேட்டால், திறந்துவிடுவதுதானே புத்திசாலித்தனம். வெய்ன் ஓ'ஹாராவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வெண்கலச் சிலையும் உண்டு. அதன் முன் கணவர்கள் மனைவியைத் தூக்கப் படும் பாட்டை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பக்கத்திலேயே ஆஷ்ஃபர்ட் கோட்டை. 1228இல் தொடங்கியது, பிற்பாடு பீர் புகழ் கின்னஸ் குடும்பம் 1852இல் வாங்கிப் பெருக்கியது, 1939இலிருந்து ஓட்டல். 1984இல் அமெரிக்க அதிபர் ரீகன் வந்து தங்கினார். நான் வாசல்வரை போனேன், ஒரு காப்பியின் விலையைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன்.

ஊரின் குணம் என்று கேட்டீர்கள். குறுகலான சாலையில் எதிரே கார் வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். தெரிந்தவர், தெரியாதவர் கணக்கில்லை. நான் இரண்டாம் வாரமே கற்றுக்கொண்டேன், இப்போது சென்னையில் விரலைத் தூக்கினால் சண்டைக்கு வருகிறார்கள். நான் வழக்கமாகத் தங்கும் வீட்டுக்கார அம்மாள் காலையில் வானொலியில் அந்த வட்டாரத்து மரண அறிவிப்பு வாசிக்கும்போது டோஸ்ட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நிற்பார். முடிந்ததும் "இன்றைக்கு நமக்கு யாருமில்லை" என்று வெண்ணெய் தடவத் தொடங்குவார். நேராகக் கேள்வி கேட்க மாட்டார்கள். "ரொம்ப தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள்" என்று விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்து பற்றி மட்டும் யோசித்துப் பேசுங்கள். மேயோ கடைசியாக அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றதும் அதே 1951தான். அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட இறுதி ஆட்டங்களில் தோல்வி. வென்ற அணி ஊர் திரும்பும் வழியில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் போனதாகவும், பாதிரியார் சபித்ததாகவும் கதை. நம்புகிறீர்களா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

போவதானால் ஆகஸ்டில் போகாதீர்கள். பஸ் பஸ்ஸாகக் கூட்டம். நான் கடைசியாகப் போனது ஒரு பிப்ரவரி. மழைக்கால பூட்ஸ் மாட்டிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கலாம் என்று போனால், இறங்க முடியவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், பழுப்பாக, காரிப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் மாஸ்க் ஏரி நிரம்பினால் அப்படித்தான் வருமாம். நாயோடு வந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று தொட்டிச் சுவரைத் தடவிப் போகும் தண்ணீரைப் பார்த்தார்.

"மே மாதத்துக்குள் போய்விடும்" என்றார். நாய் அதற்குள் எதிர்க்கரைக்கு நீந்திவிட்டிருந்தது.